70 யார்டு, 72 யார்டு: ஓடும் குவாட்டர்பேக்கின் இரண்டு இறுதி ஆட்டங்கள்

2023 பிப்ரவரி 12, அரிசோனா மாநிலம் கிளெண்டேல். 57-ஆவது சூப்பர் பௌல், அதாவது அமெரிக்கக் கால்பந்து லீக்கின் இறுதி ஆட்டம். ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸின் குவாட்டர்பேக் (பந்தை முதலில் பெற்று, பெரும்பாலும் எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்) ஜேலன் ஹர்ட்ஸ் 15 முறை பந்தோடு ஓடி 70 யார்டு எடுத்தார். சூப்பர் பௌலில் எந்தக் குவாட்டர்பேக்கும் அதற்குமுன் அவ்வளவு தூரம் ஓடியதில்லை. ஓடியே மூன்று டச்டவுன் (பந்தை எதிரணியின் கோல் கோட்டைத் தாண்டிக் கொண்டுபோவது). ஆனாலும் கான்சாஸ் சிட்டி சீஃப்ஸ் 38-35 என வென்றது.

2025 பிப்ரவரி 9, நியூ ஆர்லியன்ஸ். 59-ஆவது சூப்பர் பௌல். அதே ஹர்ட்ஸ், அதே எதிரணி. 11 ஓட்டம், 72 யார்டு. தன் சாதனையைத் தானே முறியடித்தார். இம்முறை ஈகிள்ஸ் 40-22 என வென்றது, ஆட்டநாயகன் விருதும் அவருக்கே.

ஓட்டத்தில் வித்தியாசம் 2 யார்டு. முடிவில் வித்தியாசம் ஒரு கோப்பை. ‘ஓடும் குவாட்டர்பேக்கை வைத்துக்கொண்டு கோப்பை வெல்ல முடியுமா?’ என்பது அமெரிக்கக் கால்பந்தில் பல ஆண்டுகளாக இழுபடும் வாதம். அதற்கு இந்த இரண்டு ஆட்டங்களைப் போல நல்ல சோதனைக்களம் வேறில்லை. ஆள் ஒருவர்தான், எதிரணி ஒன்றுதான், ஓடிய தூரமும் ஏறத்தாழ ஒன்றுதான். அப்படியானால் முடிவை மாற்றியது கால்கள் அல்ல. எது என்பதைத்தான் இங்கே பார்க்கிறோம்.

முதலில் கணக்கு

யாரை ‘ஓடும் குவாட்டர்பேக்’ என்பது? எல்லை வகுக்காமல் பேசினால் வாதம் முடியாது. ஆபத்து வரும்போது பத்தடி நகர்ந்து தப்பிப்பவர்களையும் சேர்த்தால் பட்டியல் நீண்டுவிடும். சான் ஃபிரான்சிஸ்கோவின் ஸ்டீவ் யங், 1995 ஜனவரியில் நடந்த இறுதி ஆட்டத்தில் 6 டச்டவுன் பாஸ் எறிந்ததோடு 49 யார்டு ஓடி, அன்று இரு அணிகளிலும் அதிகம் ஓடியவராகவும் இருந்தார். 1998-ல் டென்வரின் ஜான் எல்வே, மூன்றாவது டவுனில் (10 யார்டு நகர ஓர் அணிக்குக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் மூன்றாவதில்) 8 யார்டு ஓடிப் பாய்ந்து காற்றில் சுழன்று விழுந்தது இன்றும் பேசப்படுகிறது. ஆனால் இவர்கள் பாஸை நம்பி வாழ்ந்து, தேவைப்பட்டபோது ஓடியவர்கள்.

கடுமையான எல்லை ஒன்றை வைப்போம்: அந்தப் பருவத்தின் வழக்கமான ஆட்டங்களில் மட்டும் 500 யார்டோ அதற்கு மேலோ ஓடியவர். 2024 பருவம் வரை, அப்படி ஓடிய குவாட்டர்பேக்கோடு சூப்பர் பௌலுக்கு வந்த அணிகள் ஐந்து. சியாட்டிலின் ரஸ்ஸல் வில்சன் 2013-ல் 539 யார்டு, வெற்றி. அவரே 2014-ல் 849 யார்டு, தோல்வி. கரோலினாவின் காம் நியூட்டன் 2015-ல் 636, தோல்வி. ஹர்ட்ஸ் 2022-ல் 760, தோல்வி. ஹர்ட்ஸ் 2024-ல் 630, வெற்றி. ஐந்தில் இரண்டு. வென்ற இரண்டு ஆண்டுகளிலும், அதே ஆள் தோற்ற ஆண்டைவிடக் குறைவாகவே ஓடியிருக்கிறார் என்பதைக் கவனியுங்கள்.

தோல்விகளையும் உற்றுப் பார்க்க வேண்டும். 2014 பருவத்தின் சியாட்டில் 28-24 எனத் தோற்றது. ஒரு யார்டு தூரத்திலிருந்து எறிந்த பாஸை நியூ இங்கிலாந்தின் மால்கம் பட்லர் பறித்துக்கொண்டார். 2022 பருவத்தின் ஈகிள்ஸ் தோற்றது 3 புள்ளியில். ‘ஓடுபவரால் முடியாது’ என்று தீர்ப்பெழுதும் அளவுக்கு இவை தெளிவான தோல்விகள் அல்ல. நியூட்டனுடையது மட்டும் வேறு வகை. அதைப் பிறகு பார்ப்போம்.

ஓட்டம் எதை வாங்கித் தருகிறது

இரு பக்கமும் 11 பேர். வழக்கமான ஓட்ட ஆட்டத்தில் குவாட்டர்பேக் பந்தை ரன்னிங் பேக்கிடம் (பந்தோடு ஓடுவதே வேலையானவர்) கொடுத்துவிட்டு வேடிக்கை பார்ப்பார். பந்தை வைத்திருப்பவர் யாரையும் மறிக்க முடியாது. ஆக, மறிக்க மிஞ்சுவது 9 பேர். எதிரே 11 பேர். அமெரிக்கக் கால்பந்தின் ஓட்ட ஆட்டம் முழுவதும் இந்த இரண்டு ஆள் குறையைச் சமாளிக்கும் கலைதான்.

குவாட்டர்பேக் ஓடக்கூடியவர் என்றால் கணக்கு மாறுகிறது. ‘ஸோன் ரீட்’ என்ற ஆட்டத்தை எடுத்துக்கொள்வோம். குவாட்டர்பேக் சென்டருக்கு (பந்தைப் பின்னே தருபவர்) 4, 5 யார்டு பின்னால் நிற்கிறார், ரன்னிங் பேக் அவர் பக்கவாட்டில். எதிரணி வரிசையின் கடைசியில் நிற்கும் டிஃபென்சிவ் எண்டை வேண்டுமென்றே யாரும் மறிப்பதில்லை. பந்து கைக்கு வந்ததும் குவாட்டர்பேக் அதை ரன்னிங் பேக்கின் வயிற்றருகே வைத்தபடி, கண்ணை அந்த ஒருவர்மேல் மட்டும் நிறுத்துகிறார். அவர் தோளை உள்பக்கம் திருப்பி ரன்னிங் பேக்கைத் துரத்தினால், பந்தை உருவிக்கொண்டு அவர் விட்டுவந்த வெளிப்பக்கம் ஓட வேண்டும். அவர் தோள் நேராக இருக்க, இடத்திலேயே நின்றால், பந்தைக் கொடுத்துவிட வேண்டும். எதைச் செய்தாலும் அந்த எண்டின் முடிவு தவறாகிவிடும். யாரும் தொடாமலே ஓர் ஆள் ஆட்டத்திலிருந்து கழிக்கப்படுகிறார். குவாட்டர்பேக்கே ஓடுவதாக முன்கூட்டித் திட்டமிட்டால் ரன்னிங் பேக்கும் மறிப்பவராக மாறுவார். 9 பேர் 10 ஆகிறார்கள்.

இதற்குத் தற்காப்பு அணிகள் கண்டுபிடித்த மாற்று எளிமையானது. எண்ட் வேண்டுமென்றே உள்ளே பாய்கிறார். குவாட்டர்பேக் ‘இவர் விட்டுவிட்டார்’ என்று நம்பிப் பந்தை உருவுகிறார். அதே நேரம் முன்வரிசைக்குப் பின்னால் நின்ற தற்காப்பாளரான லைன்பேக்கர் வெளிப்பக்கம் சுற்றி வந்து அவரை அடிக்கிறார். இதை எதிர்பார்க்காத அணியில் குவாட்டர்பேக் வாங்கும் அடி பலமாக இருக்கும். பதிலுக்குத் தாக்கும் அணி டைட் எண்டை (முன்வரிசை ஓரத்தில் நின்று மறிக்கவும் பாஸ் பிடிக்கவும் செய்பவர்) வரிசையின் மறுபக்கத்திலிருந்து இழுத்து வந்து அந்த லைன்பேக்கரை மறிக்க வைக்கும்.

பாஸ் ஆட்டத்திலும் கால்களுக்கு வேலை உண்டு. ஆளுக்கு ஆள் காவல் காக்கும் முறையில், காவலர்கள் பாஸ் பிடிக்கும் ரிசீவரோடு ஓடும்போது முதுகைக் குவாட்டர்பேக் பக்கம் காட்டுகிறார்கள். அவர் பாக்கெட்டிலிருந்து (தன் முன்வரிசை அமைக்கும் பாதுகாப்பு வளையத்திலிருந்து) கிளம்பினால் பார்க்க ஆளில்லை. அவரை மட்டும் கண்காணிக்க ஒருவரை ‘ஸ்பை’ ஆக நிறுத்தலாம். ஆனால் அந்த ஒருவரைக் காவலிலிருந்தோ தாக்குதலிலிருந்தோதான் எடுக்க வேண்டும். அதனால் பல பயிற்சியாளர்கள் ஆளுக்குப் பதில் இடத்தைக் காக்கும் மண்டலக் காவலுக்கு மாறிவிடுகிறார்கள். இதுதான் முக்கியமான விஷயம்: குவாட்டர்பேக் ஓடாத ஆட்டத்திலும் அவர் ஓடக்கூடும் என்ற பயம் எதிரணியின் தேர்வுகளைக் குறைக்கிறது.

இந்தப் பயத்துக்கு ஒரு நிபந்தனை உண்டு. மூன்றாவது டவுனில் 12 யார்டு தேவை என்றாலோ, 17 புள்ளி பின்தங்கியிருந்தாலோ, எதிரணி அவர் ஓடுவதை வரவேற்கும். 6 யார்டு ஓடிவிட்டு விழுந்தால் அவர்களுக்கு லாபம். கால்களின் மதிப்பைத் தீர்மானிப்பது ஸ்கோர்போர்டும், டவுனும், மிச்சமிருக்கும் தூரமும்தான்.

கிளெண்டேல்: எல்லாம் செய்தும் போதாத இரவு

2022 பருவத்தின் ஈகிள்ஸ் 14-3, அதாவது 14 வெற்றி, 3 தோல்வி. ஹர்ட்ஸ் 15 ஆட்டத்தில் 460 பாஸ் எறிந்து 3,701 யார்டு சேர்த்தார். 165 ஓட்டத்தில் 13 டச்டவுன். தற்காப்பு அணி 70 சாக் (பாஸ் எறியுமுன் குவாட்டர்பேக்கை வீழ்த்துவது) எடுத்திருந்தது.

இறுதி ஆட்டத்தில் ஹர்ட்ஸ் 38-ல் 27 பாஸ், 304 யார்டு. ஏ.ஜே. பிரவுனுக்கு 45 யார்டு டச்டவுன் ஒன்று. நான்காவது டவுனில் 5 யார்டு தேவைப்பட்டபோது 28 யார்டு ஓடினார். நான்காவது குவாட்டரில் 35-27 எனப் பின்தங்கியிருந்தபோது 2 யார்டு டச்டவுனும், அதைத் தொடர்ந்து இரண்டு புள்ளிக்கான ஓட்டமும் அவரே. 35-35. பாஸ் எறியத் தெரியாமல் ஓடிப் பிழைப்பவர் என்று அவரை இதற்குப் பிறகும் சொல்வது நியாயமில்லை.

அப்படியானால் தோல்வி எங்கிருந்து வந்தது? மூன்று இடங்களிலிருந்து.

முதலாவது, இரண்டாவது குவாட்டரில் ஒரு நொடி. ஈகிள்ஸ் 14-7 என முன்னிலை. திட்டமிட்ட ஓட்டத்தில் ஹர்ட்ஸ் பந்தைக் கை மாற்றும்போது, யாரும் அடிக்காமலே அது நழுவியது. சீஃப்ஸின் நிக் போல்டன் எடுத்து 36 யார்டு ஓடி டச்டவுன் ஆக்கினார். முடிவில் 3 புள்ளியில் தோற்ற ஆட்டத்தில் இந்த ஒரு நழுவல் மட்டும் 7 புள்ளி. ரன்னிங் பேக்குகளுக்குச் சிறுவயதிலிருந்தே கற்பிக்கப்படுவது: விரல்நுனி பந்தின் முனையில், உள்ளங்கை, முன்கை, மேற்கை, மார்பு என ஐந்து இடம் பந்தைத் தொட வேண்டும். குவாட்டர்பேக்குக்கு இதில் கூடுதல் சிக்கல் ஒன்று உண்டு. எறிவதற்காகப் பந்தைத் தளர்வாகப் பிடித்திருக்கும் கை, ஒரு நொடியில் ஓட்டக்காரனின் பிடிக்கு மாற வேண்டும். அந்த மாற்றத்தில்தான் பந்து நழுவுகிறது. ஓடும் குவாட்டர்பேக்கின் உண்மையான விலை காயத்தைவிட இதுவாகவே இருக்கலாம்.

இரண்டாவது, ஓட்டச் சுமை. அன்று ஈகிள்ஸின் ரன்னிங் பேக்குகள் மூவரும் சேர்ந்து 17 முறை ஓடி எடுத்தது 45 யார்டு. பந்தை நிலத்தில் நகர்த்த ஹர்ட்ஸைத் தவிர ஆளில்லை. ஒரே ஆள் பாஸும் ஓட்டமுமாக ஏறத்தாழ முழு அணியையும் சுமந்தார்.

மூன்றாவது, தற்காப்பு. 70 சாக் எடுத்த அணிக்கு அன்று ஒரு சாக்கும் இல்லை. வழுக்கிய புல்தரை இரு அணிக்குமே தொல்லையாக இருந்தது. ஆனால் வேகத்தை நம்பிய ஈகிள்ஸின் முன்வரிசைக்கே அது அதிகம் வலித்தது. இரண்டாம் பாதியில் சீஃப்ஸ் பந்தைப் பெற்ற ஒவ்வொரு முறையும் புள்ளி எடுத்தது. கடைசி முறையில் பேட்ரிக் மஹோம்ஸ், சுளுக்கிய கணுக்காலோடு 26 யார்டு ஓடினார். பிறகு மூன்றாவது டவுனில் ஈகிள்ஸின் ஜேம்ஸ் பிராட்பெரிமீது பிடித்திழுத்த குற்றம். சீஃப்ஸால் கடிகாரத்தை ஓடவிட முடிந்தது. ஹாரிசன் பட்கர் 27 யார்டு கிக் அடித்தபோது மிச்சம் 8 நொடி. ஹர்ட்ஸின் கால்களுக்கு 8 நொடியில் செய்ய எதுவுமில்லை.

அந்த இரவின் மிகப் பெரிய ஓட்டம் எது என்று கேட்டால், சாதனை படைத்த 70 யார்டில் ஒன்றையும் சொல்ல மாட்டோம். மஹோம்ஸின் அந்த 26 யார்டைத்தான் சொல்வோம். அன்று அவர் ஓடியது மொத்தம் 44 யார்டு.

நடுவில் நடந்தது

2023-ல் ஈகிள்ஸ் 10-1 எனத் தொடங்கி, கடைசி ஆறில் ஐந்தைத் தோற்று, முதல் பிளேஆஃப் (நாக்அவுட்) ஆட்டத்தில் டாம்பா பேயிடம் 32-9 என வீழ்ந்தது. தற்காப்புக்கு விக் ஃபாஞ்சியோவும், தாக்குதலுக்குக் கெலன் மூரும் பயிற்சியாளர்களாக வந்தார்கள். நியூயார்க் ஜயன்ட்ஸிலிருந்து ரன்னிங் பேக் சேக்வான் பார்க்லி வந்தார். முன்வரிசையின் லேன் ஜான்சன், ஜோர்டன் மைலாட்டா, லாண்டன் டிக்கர்சன் மூவரும், அந்த வரிசையைப் பல ஆண்டுகளாகச் செதுக்கிய பயிற்சியாளர் ஜெஃப் ஸ்டவுட்லண்டும் அப்படியே இருந்தார்கள். அந்த வரிசையை விட்டுவிட்டு ஹர்ட்ஸைப் பற்றிப் பேசுவது பாதிக் கதைதான்.

2024 தொடக்கம் நன்றாக இல்லை. முதல் நான்கு ஆட்டத்தில் இரண்டு வெற்றி, இரண்டு தோல்வி. ஹர்ட்ஸ் பந்தை எதிரணியிடம் இழந்துகொண்டே இருந்தார். ஓய்வு வாரத்துக்குப் பிறகு அணி தன் முகத்தை மாற்றிக்கொண்டது. பார்க்லியை முன்னிறுத்தி, பாஸைக் குறைத்து, பந்தைப் பத்திரமாக வைத்துக்கொள்வதே முதல் வேலை என ஆனது. அதன்பின் 13-ல் 12 வெற்றி.

இரு பருவத்தையும் பக்கத்தில் வைத்தால் மாற்றம் பளிச்செனத் தெரியும். இரண்டிலும் ஹர்ட்ஸ் ஆடியது 15 ஆட்டம். 2022-ல் 460 பாஸ், 2024-ல் 361. பாஸ் யார்டு 3,701-லிருந்து 2,903-க்கு இறங்கியது. ஓட்டம் 165-லிருந்து 150. ஓட்ட டச்டவுன் மட்டும் 13-லிருந்து 14 ஆக ஏறியது. அதாவது மைதானத்தின் நடுவில் அவர் வேலை குறைந்தது. கோட்டுக்கு அருகில் குறையவில்லை. நடுவில் ஓட இப்போது பார்க்லி இருந்தார்: 345 ஓட்டம், 2,005 யார்டு.

இந்த ஏற்பாட்டின் பலன் தெரிந்தது பிளேஆஃபில், 2025 ஜனவரி 19-ல், ஃபிலடெல்ஃபியாவின் பனிப்பொழிவில். லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸுக்கு எதிராக அணி பந்தைப் பெற்ற முதல் முறையிலேயே ஹர்ட்ஸ் 44 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். பிறகு நிலைமை மோசமானது. 7 சாக், முழங்காலில் அடி, பாஸில் மொத்தம் 128 யார்டு. 2022-ன் அணியாக இருந்தால் இந்த ஆட்டம் கைவிட்டுப் போயிருக்கும் என்பது எங்கள் கணிப்பு. இம்முறை பார்க்லி 205 யார்டு ஓடினார். 62, 78 யார்டில் இரண்டு டச்டவுன். கடைசி நிமிடத்தில் ராம்ஸ் கோட்டை நெருங்கியபோது ஜேலன் கார்ட்டர் சாக் எடுத்துத் தடுத்தார். 28-22. குவாட்டர்பேக்கின் கால் நொண்டிய நாளிலும் அணி நின்றது. அடுத்த வாரம் வாஷிங்டனை 55-23 என வென்ற ஆட்டத்தில் ஹர்ட்ஸ் மூன்று டச்டவுன் ஓடியே எடுத்தார்.

நியூ ஆர்லியன்ஸ்: பார்க்லிக்குக் கதவடைத்தவர்கள்

59-ஆவது சூப்பர் பௌலில் சீஃப்ஸின் தற்காப்புப் பயிற்சியாளர் ஸ்டீவ் ஸ்பேக்னோலோ முன் இருந்தது கடினமான தேர்வு. பார்க்லியை நிறுத்த முன்வரிசையை நெருக்க வேண்டும்; நெருக்கினால் பின்னால் ஆள் குறையும். அவர் பார்க்லியை நிறுத்துவதைத் தேர்ந்தார், அதில் வெற்றியும் கண்டார். 25 ஓட்டத்தில் 57 யார்டு. ஓர் ஓட்டத்துக்கு இரண்டு யார்டுக்குச் சற்று அதிகம்.

கிளெண்டேலிலும் ரன்னிங் பேக்குகள் ஓடவில்லை, இங்கேயும் ஓடவில்லை. ஆனால் இரண்டும் ஒன்றல்ல. கிளெண்டேலில் அவர்களை நிறுத்த சீஃப்ஸ் பெரிய விலை எதுவும் கொடுக்கவில்லை. இங்கே கொடுத்தது. ஆளுக்கு ஆள் காவலில் ரிசீவர்கள் தனித்தனியாக நின்றார்கள். ஹர்ட்ஸ் 22-ல் 17 பாஸ், 221 யார்டு, இரண்டு டச்டவுன். பிரவுனுக்கு 12 யார்டில் ஒன்று, டெவான்டா ஸ்மித்துக்கு 46 யார்டில் ஒன்று. காவலர்கள் முதுகு காட்டியபோது பாக்கெட்டிலிருந்து கிளம்பி முதல் டவுன் (தேவையான தூரத்தைக் கடந்து புதிதாக நான்கு முயற்சி) எடுத்தார். 72 யார்டில் பெரும்பங்கு அப்படி வந்ததே. ஓர் இன்டர்செப்ஷன் உண்டு. பிரையன் குக் அதைப் பறித்தது சீஃப்ஸின் சொந்தக் கோட்டுக்கு அருகில் என்பதால் சேதமில்லை. ஃபம்பிள் (கை நழுவிய பந்து) எதுவும் எதிரணி கைக்குப் போகவில்லை.

மறுபக்கம் நடந்தது இந்த வாதத்துக்கு இன்னும் பயனுள்ளது. மஹோம்ஸும் கால் உள்ளவர்தான். ஃபாஞ்சியோ ஒருமுறைகூட பிளிட்ஸ் (குவாட்டர்பேக்மேல் கூடுதல் ஆட்களை ஏவுவது) அனுப்பவில்லை. நான்கு பேர் மட்டும் தாக்க, ஏழு பேர் பின்னால் நின்றார்கள். இப்படிச் செய்யும்போது வழக்கமாகக் கெடுவது எங்கே என்றால், நால்வரில் ஒருவர் சாக் ஆசையில் குவாட்டர்பேக்கைத் தாண்டி ஆழமாகப் போய்விடுவார். அவர் விட்ட இடைவெளியில் குவாட்டர்பேக் நழுவிவிடுவார். அன்று ஜாஷ் ஸ்வெட், கார்ட்டர், மில்டன் வில்லியம்ஸ் முதலானோர் தங்கள் பாதையை விடாமல் பாக்கெட்டை நாலாபுறமும் சேர்ந்து சுருக்கினார்கள். 6 சாக், ஸ்வெட்டுக்கு மட்டும் 2.5. மஹோம்ஸால் 25 யார்டுதான் ஓட முடிந்தது. பின்னால் நின்ற ஏழு பேரின் கண்ணும் அவர்மேல் இருந்ததால் பாஸும் சிக்கியது: கூப்பர் டீஜீன் ஒன்றைப் பறித்து 38 யார்டு ஓடி டச்டவுன் போட்டார், ஜாக் பான் பறித்த இன்னொன்று பிரவுனின் டச்டவுனுக்கு வழிவிட்டது. முதல் பாதியில் சீஃப்ஸ் நகர்ந்தது மொத்தம் 23 யார்டு. இடைவேளையில் 24-0.

24-0 என்றால் ஹர்ட்ஸின் கால்களுக்கு என்ன பொருள்? ஆட்டம் முழுக்க எந்த டவுனிலும் அவர் ஓடலாம், கொடுக்கலாம், எறியலாம். எதிரணியால் எதையும் விலக்கிவைக்க முடியாது. மஹோம்ஸின் கால்களுக்கு அதே ஸ்கோர் நேர்மாறு. அவர் ஓடும் ஒவ்வொரு யார்டுக்கும் கடிகாரம் கரைந்தது. ஒரே மைதானம், ஓடத் தெரிந்த இருவர். ஒருவருடைய கால்களுக்கு உயிர் இருந்தது, இன்னொருவருடையதற்கு இல்லை.

இதே அளவுகோலை மற்றவர்கள்மேல் வைத்தால்

காம் நியூட்டன், 2016 பிப்ரவரி 7. கரோலினா 15-1 என வந்தது. அவர் அந்தப் பருவத்தின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்), 35 டச்டவுன் பாஸ், 10 டச்டவுன் ஓட்டம். டென்வரின் தற்காப்பு அவரை 6 முறை சாக் செய்தது. வான் மில்லர் இரண்டு முறை பந்தைத் தட்டினார். ஒன்று நேராக டச்டவுன், இன்னொன்று கோட்டிலிருந்து 4 யார்டில் டென்வருக்குக் கிடைத்தது. நியூட்டன் 45 யார்டு ஓடினார், 41-ல் 18 பாஸ்தான் சேர்ந்தது. இங்கே தோற்றது ஓட்டம் அல்ல. இரு ஓரத்திலும் மறிக்க முடியாத முன்வரிசையும், அதன் விளைவாக நழுவிய பந்தும். டென்வரின் பெய்டன் மேனிங் அன்று எறிந்தது 141 யார்டு. ஓடவே முடியாத அவர், தன் தற்காப்பு அணி வென்றதால் வென்றார். 24-10.

சான் ஃபிரான்சிஸ்கோவின் காலின் கேபர்னிக் கதை வேறு வகையில் வருத்தம் தருவது. 2013 ஜனவரியில் கிரீன் பேக்கு எதிராக அவர் ஓடிய 181 யார்டு, குவாட்டர்பேக் ஒருவர் ஓர் ஆட்டத்தில் எடுத்த சாதனையாக ஆனது. மூன்று வாரம் கழித்து இறுதி ஆட்டத்தில் பால்டிமோரிடம் 28-6 எனப் பின்தங்கி, எழுந்து வந்து, கடைசியில் கோட்டிலிருந்து 7 யார்டில் நான்கு முயற்சி கிடைத்தது. ரன்னிங் பேக் ஓட்டம் ஒன்று, 2 யார்டு. பிறகு மைக்கேல் கிராப்ட்ரீக்கு மூன்று பாஸ். மூன்றும் வீண். அன்று 62 யார்டும் ஒரு டச்டவுனும் ஓடியிருந்த மனிதர், 5 யார்டு தேவைப்பட்ட இடத்தில் ஒருமுறைகூட ஓடவில்லை. 34-31. கால்களால் இறுதிக்கு வந்த அணி, கால்கள் மிகவும் பயன்படும் இடத்தில் அவற்றை மறந்தது என்றே சொல்வோம்.

லமார் ஜாக்சனைப் பற்றிப் பேசாமல் இந்த வாதம் முடியாது. 2019-ல் 1,206 யார்டு ஓடி எம்விபி ஆனார், பால்டிமோர் 14-2. பிளேஆஃபின் முதல் ஆட்டத்தில் டென்னசி 14-0 என முந்தியது, பிறகு 28-6. ஜாக்சன் 59 பாஸ் எறிய நேர்ந்தது. அன்று அவர் 143 யார்டு ஓடினார். 28-12 எனத் தோற்ற ஆட்டத்தில் அந்த 143 எதையும் மாற்றவில்லை. நான்காவது டவுனில் ஒரு யார்டுக்காக எடுத்த இரண்டு முயற்சியும் தடுக்கப்பட்டன. 2023 பருவத்தின் மாநாட்டு இறுதி ஆட்டம் (சூப்பர் பௌலுக்கு முந்தைய அரையிறுதி) இன்னும் விசித்திரம். அந்தப் பருவத்தில் அதிகம் ஓடிய அணி பால்டிமோர். சீஃப்ஸிடம் 17-10 எனத் தோற்ற அன்று, ரன்னிங் பேக்குகளுக்கு 6 முறைதான் பந்து போனது. இடைவேளையில் பின்தங்கியது 10 புள்ளிதான். ஓட்டத்தைக் கைவிட அது காரணமாகாது. எண்டைத் தயங்க வைக்கும் ஆட்டத்துக்கு இருவர் வேண்டும். ரன்னிங் பேக்குக்குப் பந்தே போகாது என்று தெரிந்தால் எண்ட் யாரையும் யோசிக்க வேண்டியதில்லை.

உடம்பு கொடுக்கும் விலை

ஓடினால் காயம் என்பது பாதி உண்மை. ஹர்ட்ஸ் 2022-ல் தோளில் அடிபட்டு இரண்டு ஆட்டம் விட்டது ஓடும்போது. 2024 டிசம்பரில் வாஷிங்டனில் தலையில் அடிபட்டதும் ஓட்டத்தில்தான். ஆனால் ஜாக்சனின் 2022 பருவத்தை முடித்த முழங்கால் காயம், பாக்கெட்டில் சாக் ஆனபோது வந்தது. அடி எங்கே விழும் என்று பார்த்துக்கொண்டே ஓடுபவரைவிட, பார்க்காத பக்கத்திலிருந்து அடி வாங்கி நிற்பவருக்கு ஆபத்து குறைவில்லை. வாஷிங்டனின் ராபர்ட் கிரிஃபின் வேறு பாடம்: 2012-ல் 815 யார்டு ஓடிய புதுமுகம், ஏற்கெனவே அடிபட்ட முழங்காலோடு 2013 ஜனவரி 6 பிளேஆஃபில் ஆடவிடப்பட்டார், தசைநார் கிழிந்தது. பழைய வேகம் திரும்பவில்லை. அங்கே தவறு ஓட்டத்தில் இல்லை, களத்தில் வைத்திருந்த முடிவில்.

நடைமுறையில் ஓட்டங்களை மூன்றாகப் பிரித்துக் கணக்கு வைப்பது நல்லது. பாஸ் ஆட்டம் உடைந்து கிளம்பும் ஓட்டத்தில் குவாட்டர்பேக் வெளிக்கோட்டைத் தாண்டலாம், அல்லது காலை முன்நீட்டிச் சறுக்கலாம். சறுக்கத் தொடங்கிய இடத்திலேயே பந்து வைக்கப்படும், அவரை அடித்தால் அபராதம். திட்டமிட்ட ஓட்டம் அப்படியல்ல. உள்பக்கம், லைன்பேக்கர்களுக்கு நடுவே போவது, சறுக்க நேரமிருக்காது. மிகவும் விலை உயர்ந்தது இது. மூன்றாவது, ஒரு யார்டுக்கான நெரிசல். ஈகிள்ஸ் இதைத் ‘டஷ் புஷ்’ ஆக்கியது: வரிசை தோளோடு தோள் ஒட்டி நிற்க, ஹர்ட்ஸ் சென்டருக்குப் பின்னே தாழ, பின்னால் இருவர் அவரைத் தள்ளுகிறார்கள். வேகமெடுத்து மோத இடமே இல்லாததால் பெரிய அடியும் விழுவதில்லை. 59-ஆவது சூப்பர் பௌலின் முதல் டச்டவுன் இதுதான். 2025 மே மாதம் இதைத் தடைசெய்யும் தீர்மானத்துக்கு 32 அணியில் 22 ஆதரவு; 24 தேவைப்பட்டதால் தோற்றது.

ஒரு கோப்பைக்கான அணியைக் கட்டுபவர் இந்த மூன்றில் முதலாவதையும் மூன்றாவதையும் தாராளமாக வைத்துக்கொண்டு, இரண்டாவதைப் பருவம் முழுக்கச் சிக்கனமாகச் செலவழித்து, பிளேஆஃபுக்குச் சேமிக்க வேண்டும். 2024-ன் ஈகிள்ஸுக்கு அதைச் சாத்தியமாக்கியவர் பார்க்லி. 2013-ன் சியாட்டிலில் மர்ஷான் லிஞ்ச் 1,257 யார்டு ஓடினார். டென்வரை 43-8 என நசுக்கிய இறுதி ஆட்டத்தில் வில்சன் ஓடியது 3 முறை, 26 யார்டு.

அந்தச் சேமிப்பு எப்படிச் செலவாகிறது என்பதற்கு ஓர் ஆட்டம் போதும். 2024 பிப்ரவரி 11, லாஸ் வேகஸ், 58-ஆவது சூப்பர் பௌல். கூடுதல் நேரத்தில் சான் ஃபிரான்சிஸ்கோ 22-19 என முன்னால். சீஃப்ஸ் தன் 34 யார்டு கோட்டில். நான்காவது டவுன், ஒரு யார்டு தேவை. தவறினால் பருவம் முடிந்தது. மஹோம்ஸ் பந்தைக் கொடுப்பதுபோல் காட்டி, உருவிக்கொண்டு வலப்பக்கம் 8 யார்டு ஓடினார். பிறகு மூன்றாவது டவுனில் மறுபடி ஒரு யார்டு தேவைப்பட்டபோது பாக்கெட்டிலிருந்து கிளம்பி 19 யார்டு. அன்று சீஃப்ஸில் அதிகம் ஓடியவர் அவர்தான், 9 முறையில் 66 யார்டு. கோட்டுக்கு 3 யார்டு இருக்கையில் மீண்டும் வலப்பக்கம் நகர்ந்தார். தற்காப்பு அவரோடு நகர்ந்தது. மெக்கோல் ஹார்ட்மன் தனியாக நின்றார். பாஸ் அவரிடம் போனது.